பூர்விகம் சொல்லும் சோதனைப் பெட்டி



வெளியூரில் தமிழர் இருவர் சந்தித்தால், பெயரைக் கேட்ட கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "பூர்விகம் எது?" என்பதுதான். தில்லியிலே கரோல் பாகிலும், மும்பையிலே மாதுங்காவிலும் தாராவியிலும், கொல்கத்தாவிலே லேக் மார்க்கெட் வட்டாரத்திலும், ஜாம்ஷெட்பூரின் குடியிருப்புகளிலும் இந்தக் கேள்வி நாள்தோறும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வேலை தேடிப் புறப்பட்டு வந்த முதல் தலைமுறையினர், ஊர், தெரு, வாய்க்கால் கரை உட்பட விடை கூறிவிடுவர். அவர்களுடைய மக்கள் மாவட்டத்தின் பெயரைச் சொல்லுவர். பேரப்பிள்ளைகளோ, "தமிழ்நாடு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வர். பள்ளியிலே இந்தியோ மராத்தியோ வங்காளியோ பேசி வளர்ந்த அப்பிள்ளைகளுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இராது. ஆனால், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் மட்டும் இல்லாமற் போவதில்லை.

இந்த ஆவலை விஞ்ஞானம் கண்டுகொண்டது. அதன் பின்னாலேயே வந்த வாணிபமும் கண்டுகொண்டது. இப்பொழுது சில ஆயிரம் ரூபாய் செலுத்தினால், தபாலில் ஒரு சிறு பெட்டி வீடு தேடி வருகிறது. அதனுள்ளே ஒரு குழாய் இருக்கும். அரைமணி நேரம் ஒன்றும் உண்ணாமலும் பருகாமலும் இருந்துவிட்டு, அக்குழாயில் குறித்த கோடு வரையில் உமிழ்நீரை நிரப்ப வேண்டும். சில பெட்டிகளில் குழாய்க்குப் பதிலாகப் பஞ்சு சுற்றிய குச்சி இருக்கும். அதனால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு மூடி முத்திரையிட்டு அனுப்பிவிட்டால், சில வாரங்களில் அறிக்கை வந்து சேரும். உங்கள் முன்னோர் எங்கே வாழ்ந்தனர், உங்களுக்கு எந்த நோய் வரக்கூடும் என்ற இரண்டுக்கும் அதில் விடை உண்டு என்று விளம்பரம் கூறுகிறது. அந்த விடைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், அந்தக் குழாயினுள் நடப்பதைச் சற்றுப் பார்ப்போம். உமிழ்நீரிலே நம் வாயின் உட்தோலிலிருந்து உதிர்ந்த உயிரணுக்களும், இரத்தத்து வெள்ளணுக்களும் கலந்திருக்கின்றன. அவ்வணுக்களின் கருவிலே 23 ஜோடிக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. குரோமோசோம் என்பது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையின் சுருள். 1953ஆம் ஆண்டிலே வாட்சன், கிரிக் என்னும் இருவர் இந்த இழையின் முறுக்கேணி அமைப்பை வெளியிட்டனர். நான்கே எழுத்துகளால் ஆன நெடுங்கணக்கு ஒன்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். மனிதருக்கு மனிதர் அவற்றில் மாறுபடுவது ஆயிரத்தில் ஓர் எழுத்து அளவே. நம் நிறமும் உயரமும் சில நோய்களும் அந்தச் சிறு வேறுபாட்டிலேதான் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த 300 கோடியையும் படிப்பதில்லை. பலரிடம் வேறுபடும் என்று முன்னமே தெரிந்த ஆறு அல்லது ஏழு லட்சம் இடங்களை மட்டுமே ஒரு சில்லின் உதவியால் பார்க்கின்றன. அதாவது, ஐயாயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து வீதம் பொறுக்கிப் படிப்பதற்கு ஒப்பானது இது. ஒரு காவியத்தை அவ்வாறு படித்துவிட்டு, அது யார் இயற்றியது என்று ஊகிக்கலாம்; அதன் கதை முழுவதையும் சொல்லிவிட முடியாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால், பின்னால் வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

இனிப் பூர்விகத்தைப் பார்ப்போம். "நூற்றுக்கு 95 பங்கு தென்னிந்தியர், 5 பங்கு மத்திய ஆசியர்" என்பது போன்ற வாசகம் அறிக்கையில் வருகிறது. தென்னிந்தியர் என்று தெரிந்துகொள்ளச் சில ஆயிரம் ரூபாய் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலுள்ள பாட்டி ஒரு டம்ளர் காப்பிக்கே இதைச் சொல்லியிருப்பாள். அது நிற்க. இந்த விழுக்காடு எவ்வாறு கிடைக்கிறது? நிறுவனத்திடம் ஏற்கெனவே சேர்ந்துள்ள மாதிரிகளோடு உங்கள் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, எவரைப் பெரிதும் ஒத்திருக்கிறீர்கள் என்று கணக்கிடுகின்றனர். மாதிரித் தொகுதி ஐரோப்பியரால் நிறைந்து, இந்தியர் அதில் சிலராகவே இருப்பின், அயர்லாந்துக்காரர் ஒருவருக்கு அவருடைய மாகாணம் வரையில் சொல்ல முடியும். தஞ்சாவூர்க்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் வேறுபாடு சொல்ல முடியாது. தொகுதி மாறினால் விழுக்காடும் மாறும். 2019ஆம் ஆண்டிலே கனடா நாட்டுத் தொலைக்காட்சியினர், ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரியர் இருவரின் உமிழ்நீரை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பினர். இருவருடைய டி.என்.ஏ.வும் ஏறக்குறைய முற்றிலும் ஒன்றே. எனினும் நிறுவனத்துக்கு நிறுவனம் பூர்விகம் மாறிற்று. அது போதாதென்று, ஒரே நிறுவனம் அக்காளுக்கு ஒரு கணக்கும் தங்கைக்கு வேறொரு கணக்கும் கொடுத்தது.

இரு நேர்வழிகள் மட்டும் தெளிவானவை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் ஒன்று. தாயிடமிருந்து மக்கள் அனைவருக்கும் செல்லும் மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. மற்றொன்று. முதலாவது, நம் நாட்டுப் பங்காளி முறைக்கு ஒப்பானது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுவோர் தம்முள் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை. தந்தை வழியில் ஒரே முன்னோனின் மக்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. கோத்திரம் என்பதும் இவ்வழியேதான். இரண்டாவது வழிக்கு நம்மிடையே பெரும்பாலும் பெயரே இல்லை. அம்மாவின் அம்மாவுடைய அம்மாவின் ஊரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம்முடைய குலமுறைக் கிளத்தல்கள் மறந்துவிட்ட அந்தப் பெண்களின் வரிசையை உடல் மறக்கவில்லை என்பது வியப்புக்குரிய செய்தியே.

மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிச்சப்பன் ஒய் குரோமோசோம் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டுக் கடற்கரையை ஒட்டி ஆஸ்திரேலியா வரையில் சென்ற ஆதி மக்களின் அடையாளமாகக் கருதப்படும் எம்130 என்னும் குறி, மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழும் குடும்பத்தாரிடம் காணப்பட்டது. இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. "முதல் இந்தியன் இவர்களே" என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்துத் தலைமுறைக்கு முன்னே நமக்கு 1,024 முன்னோர் உண்டு. ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றியே பேசுகிறது. மற்ற 1,023 பேரும் அதற்கு இல்லாதவர்களே. ஏனைய குரோமோசோம்களும் எல்லாரையும் நினைவில் வைத்திருப்பதில்லை. தலைமுறை தோறும் பாதி கழிந்து பாதியே இறங்குவதால், நெடுந்தொலைவு முன்னே சென்றால், நமக்கு உண்மையாகவே முன்னோராயிருந்தும் நம் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தும் விட்டுச் செல்லாதவர் பலர் இருப்பர்.

தங்கள் குலத்தின் கலப்பற்ற தூய்மையை நிலைநாட்டலாம் என்று எண்ணிப் பெட்டியை வாங்குபவர் நிச்சயமாக ஏமாறுவர். ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும், ஹார்வர்டு பல்கலைக் கழகத்து டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இந்தியாவின் 25 மக்கட் பிரிவினரை அவர்கள் ஆராய்ந்தனர். தொன்மையான இரு பெருங்குடிகளின் கலப்பு, பெருநிலப் பகுதியிலே அவர்கள் பார்த்த பிரிவுகளில் பரவலாகக் காணப்பட்டது. மேல் கீழ், வடக்கு தெற்கு என்ற பேதம் கலப்பின் அளவிலேதான். கலப்பு உண்டா இல்லையா என்பதில் அன்று. அக்கலப்பு இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே நிகழ்ந்தது என்று 2013இல் மற்றோர் ஆராய்ச்சி காட்டியது. அதற்குப் பின்னரே கதவுகள் அடைக்கப்பட்டன. அவரவர் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இறுகிற்று.

இங்கேதான் பூர்விகக் கதை நோயின் கதையாக மாறுகிறது. ஒரு கூட்டம் சிறிய எண்ணிக்கையினரிலிருந்து பெருகி, பல நூற்றாண்டு தன்னுள்ளேயே மணம் செய்துவந்தால், அந்தச் சிலரில் ஒருவரிடம் இருந்த குறை பலரிடம் பரவிவிடும். தெற்காசியாவில் 263 பிரிவினரை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, அவற்றில் 81 பிரிவுகளிலே இந்த நிலை, மரபு நோய்களுக்குப் பெயர்போன பின்லாந்து மக்களிடமும் கிழக்கு ஐரோப்பிய யூதரிடமும் காணப்படுவதைவிட மிகுதி என்று கூறியது. ஆரிய வைசிய சமூகத்தாரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து, பிறருக்குச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி இல்லாத ஒருவருக்கோ மணிக்கணக்கில் தெளியாது. அதுவரையில் மூச்சுக் கருவியால் காப்பாற்ற வேண்டும். அந்தச் சமூகத்தில் இக்குறை அதிகம் என்பதை அறிந்த மயக்க மருத்துவர்கள், முன்கூட்டியே குடும்ப வரலாற்றைக் கேட்டு வேறு மருந்து கொடுக்கின்றனர். சாதியைக் கேட்பதில் பயன் விளையும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

இனி, அறிக்கையின் இரண்டாம் பகுதியாகிய நோய்க் கணிப்புக்கு வருவோம். உயிரோடு விளையாடும் பகுதி இதுதான்.

தில்லியிலே வேலை பார்க்கும் முப்பது வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுடைய தாய் 42 வயதில் மார்பகப் புற்றுநோயால் காலமானாள். தாயின் தமக்கைக்கும் சூலகத்தில் புற்றுநோய். ஊரில் இதைப் பற்றி ஒருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தனக்கும் வருமோ என்ற அச்சம் அவளுக்கு. மருத்துவரிடம் செல்லத் தயங்கி, பெட்டி ஒன்றை வரவழைக்கிறாள். அறிக்கை வருகிறது: "மாற்றம் ஏதும் காணப்படவில்லை." நிம்மதியாக மூச்சு விடுகிறாள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் என்ன?

அமெரிக்காவிலே 2006இல் தோன்றிய ட்வென்டி திரீ அண்ட் மீ என்னும் நிறுவனமே இத்தொழிலில் முன்னோடி. போதிய சான்றின்றி நோய்க் கணிப்புகளை விற்கக் கூடாது என்று 2013இல் அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் அதைத் தடுத்தது. பிறகு சிறிது சிறிதாக அனுமதி தந்தது. பிராகா எனப்படும் இரு ஜீன்களில் நேரும் மூன்று மாற்றங்களைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று 2018இல் இசைந்தது. அந்த மூன்றும் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுபவை. அவ்விரு ஜீன்களில் அறியப்பட்டுள்ள மாற்றங்களோ ஆயிரத்துக்கு மேற்பட்டவை. ஆகவே, நம் தில்லிப் பெண்ணுக்கு வந்த "இல்லை" என்ற விடை அத்தகைய பெட்டியிலிருந்து வந்ததாயின், ஆயிரம் அறைகள் உள்ள வீட்டில் மூன்று அறைகளைத் திறந்து பார்த்துவிட்டுத் திருடன் இல்லை என்று சொன்னதற்குச் சமம். அவளுக்கு வேண்டியது, அவ்விரு ஜீன்களையும் தலை முதல் கால் வரை படிக்கும் மருத்துவமனைச் சோதனை. அதற்கு முன்னே, சோதனையின் பொருளை எடுத்துரைக்கும் ஒரு மரபியல் மருத்துவர்.

"உண்டு" என்று வரும் விடையும் இதே போன்றதுதான். இப்பெட்டிகளிலிருந்து கிடைத்த கச்சாத் தகவலில் ஆபத்தானவை என்று குறிக்கப்பட்ட மாற்றங்களைச் சிலர் மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய முயன்றனர். அவ்வாறு வந்தவற்றை 2018இல் ஓர் ஆய்வுக்கூடம் தொகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 40 பொய்யாக முடிந்தன. இல்லாத நோய்க்கு எத்தனை இரவு தூக்கம் இழந்திருப்பர் என்பதை அந்தக் கணக்கு சொல்லவில்லை.

நீரிழிவு, மாரடைப்பு போன்ற பொது நோய்களின் கணிப்பு இன்னும் தளர்ந்த நிலையில் நிற்கிறது. இந்நோய்கள் ஒரு ஜீனின் வேலை அல்ல. நூற்றுக்கணக்கான இடங்களில் சிறு சிறு சாய்வுகள், அவற்றோடு உணவும் உழைப்பும் உறக்கமும் சேர்ந்து விளைவிப்பவை. அச்சாய்வுகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. ஆனால் அம்முறைக்கு அடிப்படையான ஆராய்ச்சிகளில் பங்கு கொண்டவர்களில் நூற்றுக்கு 79 பேர் ஐரோப்பிய வம்சத்தினர் என்று 2019இல் கணக்கிட்டனர். வெள்ளையரின் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நமக்கு மாட்டினால் தோளும் கையும் எப்படிப் பொருந்தும்? நம்மிடம் உள்ள சில மாற்றங்கள் அங்கே கிடையாது. இதயத் தசையின் புரதம் ஒன்றை உண்டாக்கும் ஜீனில் 25 எழுத்துகள் அழிந்துபோன ஒரு மாற்றம், நம் நாட்டிலே நூற்றுக்கு 4 பேர் அளவில் உள்ளது என்று 2009இல் தங்கராஜும் அவரோடு உழைத்தவர்களும் கண்டனர். அது உள்ளோருக்கு, முதிர்ந்த வயதில் இதயத் தசை நலியும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது தெரிந்திராது. இக்குறையைப் போக்கவே, இந்தியர் 10,000 பேரின் டி.என்.ஏ.வை முழுமையாகப் படிக்கும் ஜீனோம் இந்தியா திட்டம் 2020இல் தொடங்கப்பெற்று, அதன் தகவல் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்கு வெளியிடப்பட்டது. அது ஃபரீதாபாதிலுள்ள தேசியத் தகவல் நிலையத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் பயன் மருத்துவமனைக்கு வந்து சேரச் சில காலம் ஆகும்.

எனின், ஜீன் சோதனையால் நமக்கு இப்பொழுது பயனே இல்லையா என்றால், உண்டு. ஆனால், பெரும் பயன் தருவது பெட்டி அன்று; சாதாரண இரத்தப் பரிசோதனை. தலசீமியா என்ற நோயை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தின் செந்நிறப் புரதமாகிய ஹீமோகுளோபின் சரிவர உண்டாகாத நோய் இது. இந்நோயோடு பிறக்கும் குழந்தைக்கு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். அதுவும் வாழ்நாள் முழுவதும். தாய் தந்தை இருவரிடமும் ஒவ்வொரு குறைபட்ட ஜீன் இருந்தாலன்றி இந்நோய் வருவதில்லை. அவ்வாறு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு நோய் எதுவும் இராது. சிறிது சோகை இருக்கலாம், அதையும் இரும்புச் சத்துக் குறைவு என்றே எண்ணுவர். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று சிலர் கணக்குப் போடுவர், அது தவறு. ஒவ்வொரு பேறுக்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

வெளிமாநிலத் தமிழருக்கு இது இரு வகையில் நெருங்கிய செய்தி. ஒன்று, உறவில் மணம் செய்யும் வழக்கம். தமிழ்நாட்டிலே மணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இன்னமும் உறவுக்குள்ளேயே நடப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. வெளியூரில் வேரூன்றியவரும், "நம் மனிதர்கள் விட்டுப்போகக் கூடாது" என்று ஊருக்குச் சென்று அத்தை மகளையோ மாமன் மகளையோ மணம் முடித்துக்கொண்டு வருகின்றனர். தாய்மாமனும் மருமகளும் தம்முள் நான்கில் ஒரு பங்கு ஜீன்களைப் பகிர்ந்துகொள்கின்றனர்; அத்தை மகளும் மாமன் மகனும் எட்டில் ஒரு பங்கு. ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு ஆகவே கூடுகிறது. மற்றொன்று இதற்கு நேர் எதிரானது. நம் பிள்ளைகள் அண்டை வீட்டுப் பஞ்சாபியரையும் சிந்தியரையும் குஜராத்தியரையும் வங்காளியரையும் மணந்துகொள்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே, உறவில் மணப்பதால் கூடும் ஆபத்தும் இதில் இல்லை. ஆயினும் இந்தச் சமூகங்களில் தலசீமியா ஜீனைச் சுமப்போர் நாட்டின் சராசரியைவிட மிகுதி. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ஹீமோகுளோபின் ஈ என்ற வேறொரு மாற்றம் பரவியிருக்கிறது. அது தலசீமியாவோடு சேர்ந்தாலும் கடும் நோயாகும். நம் பக்கத்திலும் அந்த ஜீன் இல்லாமல் இல்லை. எனவே ஊரில் பெண் எடுத்தாலும், இங்கேயே எடுத்தாலும், மணத்துக்கு முன்போ, கருவுற்ற தொடக்கத்திலோ ஹீமோகுளோபின் ஏ2 அளவைச் சொல்லும் பரிசோதனை ஒன்றை இருவரும் செய்துகொள்வது நலம். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் செலவைவிட இதற்கு அதிகம் ஆகாது.

அரிவாள் அணுச் சோகையும் இதே விதியைப் பின்பற்றும் நோய்தான். இந்தியாவில் அது இருப்பது வெளிப்பட்டதே நம் நீலகிரியில். 1952இல் அங்குள்ள பழங்குடியினரிடம் கண்டனர். மத்திய இந்தியப் பழங்குடிகளிடையேயும், நாகபுரி வட்டாரத்திலும், ஒடிசாவிலும் அது மிகுதி. இந்நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்துச் ஷாடோலில் தொடங்கப்பெற்றது. நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு.

பெட்டியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். குழாயில் விழும் உமிழ்நீர் உங்களுடையது மட்டும் அன்று. உங்கள் உடன்பிறந்தாரின் எழுத்துகளில் ஏறக்குறையப் பாதியும், பெற்றோர் ஒவ்வொருவரின் எழுத்துகளில் பாதியும் அதில் உள்ளன. அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. கலிபோர்னியாவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பல கொலைகள் செய்துவிட்டுப் பிடிபடாமல் இருந்த ஒருவன் 2018 ஏப்ரலில் பிடிபட்டான். அவன் எந்தப் பெட்டியிலும் உமிழ்ந்தவன் அல்லன். அவனுடைய தூரத்து உறவினர் சிலர், பூர்விகம் அறியும் பொருட்டுத் தங்கள் தகவலைப் பொதுவான ஓரிடத்தில் சேர்த்திருந்தனர். அவர்கள் வழியே காவலர் அவனை எட்டினர். கொலைகாரன் அகப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், கொலை செய்யாதவரையும் அதே வழியில் தேடிக் காணலாம் அல்லவா?

பொருளைப் பாதுகாப்பவரின் நிலையும் உறுதியானதன்று. முன்னே குறித்த ட்வென்டி திரீ அண்ட் மீ நிறுவனத்தின் தகவல் 2023இல் களவாடப்பட்டு, ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியாயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனமே நொடித்துப்போய் நீதிமன்றத்தை அணுகிற்று. சுமார் ஒன்றரைக் கோடி மக்களின் ஜீன் தகவல் அதன் சொத்துகளில் ஒன்றாக ஏலத்துக்கு வந்தது. முடிவில், நிறுவனரே தலைமை வகிக்கும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. வங்கியின் கடவுச்சொல் திருடு போனால் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம், டி.என்.ஏ.வை மாற்றிக்கொள்ள வழி இல்லை. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இத்தகவலையும் பொதுவாகத் தழுவும். ஜீன் தகவலுக்கென்று தனிச்சட்டம் இல்லை. மரபு நோய் என்ற காரணம் காட்டிக் காப்பீட்டுத் தொகையை மறுப்பது பாரபட்சம் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

வேறொரு வகை அதிர்ச்சியும் உண்டு. அதை மெல்லச் சொல்கிறேன். தந்தை என்று எண்ணியிருந்தவர் தந்தை அல்லர் என்றோ, தான் தத்துப் பிள்ளை என்றோ, அறியாத உடன்பிறந்தார் எங்கோ இருக்கிறார் என்றோ இச்சோதனையால் திடீரென்று அறிந்தவர் மேல்நாடுகளில் பலர். நம் குடும்பங்களிலும் பெரியவர் சிலர் நல்லெண்ணத்தோடு மூடி வைத்த செய்திகள் இல்லாமல் இல்லை. வேடிக்கைக்காகப் பிறந்தநாள் பரிசாய்ப் பெட்டியைக் கொடுப்பவர், பெறுபவரின் பெற்றோர் உயிரோடு இருக்கும்போது ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நன்று. யோசித்தும் வேண்டும் என்று தோன்றினால், சோதனைக்குப் பின் மாதிரியை அழித்துவிடச் சொல்லும் உரிமை உண்டா, தகவலை மருந்து நிறுவனத்துக்குக் கொடுப்பார்களா என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்த பிறகே குழாயைத் திறக்கலாம்.

பூர்விகம் அறியும் ஆவல் தீராதவருக்கு நம் நாட்டிலேயே பழைய வழிகள் உள. ஹரித்துவாரத்திலும் கயையிலும் உள்ள பண்டாக்கள், யாத்திரை வந்தவர்களின் பெயரை ஊர் வாரியாகப் பதிந்த ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். உங்கள் குடும்பத்தார் எவரேனும் என்றோ கயைக்குச் சென்று பிண்டம் போட்டிருந்தால், அவர் கையெழுத்தே அங்கு இருக்கக் கூடும். குலதெய்வக் கோயில் இருக்கும் கிராமம் எது என்று தெரிந்தால், ஊரைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை முடிந்தது. நிலப்பத்திரங்களும், பாட்டனாரின் பள்ளிச் சான்றிதழும், கலியாணப் பத்திரிகைகளும் மிச்சத்தைச் சொல்லும்.

உடல்நலத்துக்கும் இப்படி ஓர் ஏடு எழுதலாம். மூன்று தலைமுறை போதும். யார், எந்த வயதில், எதனால் காலமானார். யாருக்குச் சர்க்கரை நோய், எந்த வயதில் வந்தது. குழந்தையிலேயே இறந்தவர் எத்தனை பேர். அறுவை சிகிச்சையில் மயக்கம் தெளியாமல் துன்பப்பட்டவர் உண்டா. எவர் எவரை உறவில் மணந்தார். இவற்றை எழுதச் சிறந்த காலம் கோடை விடுமுறை. சிறந்த சாட்சி வீட்டின் மூத்த அத்தையோ ஆச்சியோதான். "வயிற்றில் கட்டி" என்றும் "நெஞ்சடைப்பு" என்றும் அவர்கள் சொல்லுவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதன் பொருளை மருத்துவர் அறிவார். சந்தேகம் இருந்தால் அணுகுவதற்கு, தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், லக்னோவில் சஞ்சய் காந்தி மருத்துவ நிலையம், ஹைதராபாத்தில் நிஜாம் மருத்துவ நிலையம், வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில் மரபியல் பிரிவுகள் உள்ளன. பெட்டியின் அறிக்கை கையில் இருந்தால் அதையும் கொண்டுசெல்லலாம். ஆனால் அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது, உங்கள் தாயாருக்கு உடன்பிறந்தார் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு இருக்கிறார்கள் என்பதாகவே இருக்கும்.